வடகோடி நாட்டின் கதை – 7: ஆளில்லாத இடம்

பழவேற்காட்டில் படகு கவிழ்ந்தாலும் சரி, இரண்டு குப்பத்துக்காரர்கள் வலைத் தகராறில் மோதிக்கொண்டாலும் சரி, நாளிதழ்ச் செய்தி ஒரே மாதிரிதான் முடியும்: திருப்பாலைவனம் போலீசார் விசாரித்து வருகிறார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன குடும்பத்தினரின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அந்தச் செய்தியிலும் இந்தப் பெயர் வந்தது. வெளியூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு திருப்பாலைவனம் ஏதோ கடலோரக் குப்பம் என்று நினைத்துக்கொள்வது உண்டு. கடலோரம் அல்ல. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் வழியில், நெல்வயலும் பனையுமாகக் கிடக்கும் உள்நாட்டு ஊர் அது. ஏரி நீரின் மேல் நடக்கிற வாழ்க்கைக்கு அதிகாரம் எப்போதும் சற்றுத் தள்ளி, ஈரம் படாத மண்ணில்தான் உட்கார்ந்திருக்கிறது.

புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை இது. திருப்பாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி எழுந்த ஊர் இது. பாலை மரக் காட்டுக்குள் மறைந்திருந்த இறைவனை ராஜேந்திர சோழன் கண்டெடுத்தான் என்று தலபுராணம் முடிச்சுப் போடுகிறது. புராணத்தை ஒதுக்கி வைத்தாலும், சோழர் காலம் தொட்டு விஜயநகரக் காலம் வரை இந்த வட்டாரத்தின் நிலக்கொடையும் வரியும் கல்லில் எழுதப்பட்ட இடங்களில் ஒன்று இந்தக் கோயில். வயல் அளக்கப்பட்டது, ஏரிப்பாசனம் எழுதப்பட்டது. உப்புநீர் ஏரியின் மீன்பாட்டைக் கல்லில் வெட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

சென்ற இரண்டு இதழ்களில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டையையும் பழவேற்காட்டுக் கைக்குட்டைகளையும் பார்த்தோம். இந்த இதழில் வேறொரு கணக்கு: இந்த வடகோடியில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் போனார்கள், யார் போகவைத்தார்கள்.

முதலில் நிலம். உண்மையில் நீர் என்று தொடங்குவதுதான் முறை. பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டர், சில இடங்களில் 17 கிலோமீட்டர். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆழம்தான் ஆச்சரியம்: சராசரியாக ஒரு மீட்டர். நடு ஏரியில் படகிலிருந்து இறங்கி இடுப்பளவு நீரில் நின்று வலையைச் சரிசெய்ய முடியும். தெற்கே ஆரணியாறும், நடுவே காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் இடையே கரை கட்டினாற்போல் கிடக்கிறது. தீவின் விளிம்புகளில் உள்ள முகத்துவாரங்கள் வழியாகத்தான் கடல் உள்ளே வந்து போகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நன்னீர்க் குளம்போல் இருக்கும். சித்திரை பிறந்துவிட்டால் கடலைவிட உப்புக் கரிக்கும். கோடையில் வடபாதி வற்றி வெடித்துச் சேற்றுவெளியாகிவிடும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபட்டால் கதை முடிந்தது. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரிநீர் வெளியே போகாது, மழையில் ஆரணியாறு பொங்கினால் கரையோர ஊர்களில் தண்ணீர் ஏறும். ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் பொன்னேரிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்கள் தூக்கமில்லாமல் கிடப்பது ஒவ்வொரு மழைக்காலத்தின் வழக்கம்.

ஏரியின் பெரும்பகுதி, எண்பது விழுக்காட்டுக்கும் மேல், இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கே உள்ள சிறு பகுதி தமிழ்நாட்டுக்கு. இந்தக் கோடு மீன்களுக்குத் தெரியாது என்பது பழைய வேடிக்கை. மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே தாண்டுவார்கள். வடக்கு முகத்துவாரங்கள் அடைபடும் ஆண்டுகளில் ஆந்திரப் பக்கத்துப் படகுகள் தெற்கே வரும், தெற்கே பாடு குறைந்தால் இங்கிருந்து அங்கே போகும். சண்டை வரும், படகு சிறைபிடிக்கப்படும், இரண்டு மாநில அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும்.

மக்கள்தொகைக் கணக்கில் இந்த ஏரி ஒரு விசித்திரமான இடைவெளி. 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் 37,28,104 பேர்; ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,098 பேர். தமிழக சராசரியே 555தான். ஆவடி, அம்பத்தூர், மணலி என்று சென்னையின் வயிறு பருத்த பகுதிகள் அந்த எண்ணை அவ்வளவு உயர்த்தின. ஏரியின் வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் அதே ஆண்டில் சதுர கிலோமீட்டருக்கு 227 பேர். ஏரிக்கரையில் நின்றால் தெற்கில் நாட்டின் நெரிசல் மிகுந்த மாநகரங்களில் ஒன்றின் வால், வடக்கில் மணலும் முள்ளும் உப்பளமும். நடுவே இருக்கும் குப்பங்கள் எந்த எண்ணிலும் தெரியாமல் போகின்றன. மாவட்ட சராசரி அவர்களை மறைத்துவிடுகிறது.

மறைவது பரவாயில்லை. ‘ஆளில்லாத இடம்’ என்று எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. இந்த வட்டாரத்தின் நானூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்ட ஒவ்வொரு சமயத்திலும் இங்கே ஆட்கள் குறைவாக இருப்பது வசதியாகக் கண்ணில் பட்டிருக்கிறது. சில சமயம் குறைவாக இருந்தார்கள். சில சமயம் குறைக்கப்பட்டார்கள்.

குறைத்ததில் முதல் கை டச்சுக்காரர்களுடையது. 1613இல் கோட்டை எழுந்த சில ஆண்டுகளிலேயே பழவேற்காட்டிலிருந்து துணியோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களைத் தரகர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். கம்பெனி விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பியது. 1622–23இல் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து 1,900 அடிமைகள் அனுப்பப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் இரண்டாயிரம் பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அலுவலர்கள் குறைப்பட்டுக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வேலைப்பாட்டை மெச்சுகிறார்கள். மெச்சத்தக்க வேலைதான். தொல்லியல் துறை காத்துவரும் அந்தக் கற்களுக்கு அடியில் இருப்பவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் தெரியும். கப்பலேறியவர்களில் யார் பெயரும் இங்கே எந்தக் கல்லிலும் இல்லை.

ஆங்கிலேயர் கதை வேறு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு ஒத்துவராமல், ஏரியின் வடமுனைப் பக்கம் துர்கராஜபட்டினத்தில் 1626இல் ஒரு பண்டகசாலை போட்டார்கள். அவர்கள் வாயில் அது ஆர்மகான். அங்கே துணி வரத்து சரியில்லை என்று இடம் தேடிப் போன பிரான்சிஸ் டே 1639இல் பிடித்த இடம்தான் சென்னப்பட்டினம். பழவேற்காடு இடம் கொடுத்திருந்தால் சென்னை எங்கே இருந்திருக்குமோ! அப்புறம் சென்னை வளர வளரப் பழவேற்காடு தேய்ந்தது. 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை செங்கல்பட்டுச் சீமையைச் சூறையாடியபோது ஊர் ஊராக மக்கள் ஓடினார்கள், பின்னாலேயே பஞ்சம் வந்தது. 1825இல் டச்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் பழவேற்காட்டை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, அதை ஒரு பெரிய இழப்பாக இரு தரப்பும் கருதியதாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: விறகு.

சென்னையின் அடுப்புகள் எரிய ஸ்ரீஹரிகோட்டாவின் காடு வெட்டப்பட்டது. தீவை அரசு 1835இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த யானாதிகள், தேனும் கிழங்கும் நன்னாரி வேரும் எடுத்துப் பிழைத்தவர்கள், அரசுக்குக் காட்டுப்பொருள் சேகரித்துக் கொடுக்கும் ஆட்களானார்கள். விறகு போக வழி வேண்டுமே! 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை பேசில் காக்ரேன் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் மெல்ல மெல்ல வடக்கே நீண்டு ஏரிக்குள் நுழைந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தில் கூலிக்கு வழியில்லாதவர்களைக் கொண்டு சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் கருவாடும் ஏற்றிய படகுகள் பாய் விரித்தும் கரையிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்டும் சென்னைக்குப் போய்க்கொண்டே இருந்தன. ரயிலும் லாரியும் வந்தபின் அது சாக்கடையாய் மாறியது எல்லாரும் அறிந்த கதை.

அடுத்தது, மாநில எல்லை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தபோது நெல்லூர் அங்கே போனது, செங்கல்பட்டு இங்கே நின்றது. சண்டை ஓயவில்லை. பட்டாஸ்கர் சமரசத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழகத்துக்கு வந்தன, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணி வந்ததைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேருக்கு ஏரியின் பக்கம் போனதைப் பற்றிக் கவலை இருந்தது? கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழி எது என்று பார்த்துக் கோடு கிழிப்பது வயற்காட்டு ஊர்களுக்குச் சரிப்படும். இங்கே ஒரு வீட்டில் தாய் தெலுங்கு பேசுவாள், மருமகள் தமிழ் பேசுவாள். வேனாடு, இருக்கம் போன்ற தீவுகள் கோட்டுக்கு அந்தப் பக்கம், அங்கே பெண் கொடுத்த வீடுகள் இந்தப் பக்கம். அந்தத் தீவுகளின் வாழ்க்கையைத் தெலுங்கில் எழுதியவர் ச.வெம். ரமேஷ், அவருடைய ‘பிரளயகாவேரி கதலு’ தொகுப்பு இந்த ஏரியின் மறுகரையைத் தெரிந்துகொள்ள வரலாற்று நூல்களைவிட உதவும். ஏரிக்கே அந்தப் பக்கத்தில் பிரளயகாவேரி என்றும் ஒரு பெயர் உண்டு.

கோட்டுக்குப் பத்தாண்டு கழித்து ராக்கெட் வந்தது.

விக்ரம் சாராபாய் காலத்தில், 1969இல், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குத் தேர்வானது. காரணங்கள் வலுவானவை. கிழக்குக் கரையிலிருந்து கிழக்கு நோக்கி ஏவினால் பூமி சுழலும் வேகம் கூடுதல் உந்துதல் தரும். நிலநடுக்கோட்டுக்கு அருகாமை. ஏவிய வழியில் கீழே திறந்த கடல், விழுகிற பாகம் யார் தலையிலும் விழாது. 50 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. இவற்றோடு இன்னொரு காரணமும் எழுதப்பட்டது: மக்கள் நெருக்கம் குறைந்த இடம். குறைந்த இடம்தான், மறுக்க முடியாது. ஆனால் ‘குறைந்த’ என்பதற்கும் ‘இல்லாத’ என்பதற்கும் நடுவே சில நூறு குடும்பங்கள் இருந்தன. யானாதிகள் இருந்தார்கள், மீனவர்கள் இருந்தார்கள், மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். பலர் ஏரியைக் கடந்து மறுகரைகளுக்கு மாற்றப்பட்டார்கள். 1971 அக்டோபர் 9இல் ரோகிணி–125 என்னும் சிறு ராக்கெட்டோடு தளம் வேலையைத் தொடங்கியது. 1979 ஆகஸ்டில் முதல் எஸ்எல்வி–3 கடலில் விழுந்தது, 1980 ஜூலை 18இல் இரண்டாவது மேலே போனது. நாடே கைதட்டியது. பழவேற்காட்டுக் கடற்கரையிலும் கைதட்டினார்கள். இன்றும் ராக்கெட் ஏறுவதைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார் கட்டி வருகிறவர்களால் சாலை அடைபடுகிறது. அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்கு அறிவிப்பும் வருகிறது. ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் தள்ளிப்போகிறது. ஒரு நாள் கடலுக்குப் போகாத வீட்டில் அன்றைய வருமானம் என்ன என்பது எந்தக் கவுண்ட்–டவுனிலும் வராத எண்.

சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போட்ட சாலையும் ஏரியின் குறுக்கே போகிறது. மேம்பாலமாக அல்ல, பெரும்பாலும் மண்மேடாக. இருபுறமும் பூநாரைகள் வரிசையாய் நிற்கிற அழகான சாலை. அதே சாலை ஏரியின் வடபகுதியில் நீர் ஓட்டத்தை மறித்தது என்பதும் உண்மை. ஆந்திரம் 1976இலும் தமிழகம் 1980இலும் தத்தம் பகுதிகளைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைகளுக்கு எல்லை வகுக்கப்பட்ட வேகத்தைப் பார்த்தால், மீனவர்களின் உரிமை எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

சட்டப் புத்தகத்தில் இல்லை. ஊரில் இருந்தது, அதன் பெயர் பாடு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்ற மூன்று பட்டினவர் மீனவ ஊர்களும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு இது. ஏரியின் தெற்கு முகத்துவாரத்துக்கு அருகே, வத்தம், அதாவது ஏரிநீர் கடலுக்கு வடியும் ஓட்டம், இறங்கும்போது இறால் கடலை நோக்கிப் போகும் வழிகளில், கம்பு நட்டுச் சுத்துவலை கட்ட ஏற்ற இடங்கள் சில உண்டு. எல்லா இடமும் ஒன்றல்ல. ஒன்றில் ஒரே இரவில் கூடை கூடையாய்க் கிடைக்கும், பக்கத்து இடத்தில் வலை நனைந்ததுதான் மிச்சம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய இரவுகளில் நீரோட்டம் வலுக்கும்போது பாடு அதிகம். இடத்தை யாராவது ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டால் ஊரில் வெட்டுக்குத்து. அதனால் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டார்கள். மூன்று ஊருக்கும் முறை மாறி மாறி வரும். ஊருக்குள்ளே தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. கல்யாணமான ஆண்மகன் தலைக்கட்டு. எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம். மீறினால் பஞ்சாயத்து, அபராதம், முற்றினால் ஊர்விலக்கு.

சாராயக் கடை குத்தகையையே ஒழுங்காக நடத்தத் திணறிய சர்க்கார்கள் வந்துபோன ஊரில், எழுத்தில் இல்லாத இந்தச் சட்டம் நடைமுறையில் நின்றது. பேராசிரியர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து ஆய்வு செய்தார்கள். சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் இந்த ஏரியின் பாட்டு முறை சூழல் மாற்றத்துக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பற்றி 2008இல் கட்டுரையே எழுதினார்.

பாட்டைப் புகழ்கிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். பாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் யார்? பட்டினவர் அல்லாத மீனவர்கள், தலித் ஊர்கள், இருளர்கள். கரையோரம் முழங்கால் நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி, ஒவ்வொரு இறாலாக எடுத்துப் பல்லில் கடித்துப் பிடித்த பனையோலைக் கூடையில் போடும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயர் இல்லை. எழுபதுகளுக்குப் பிறகு இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியதும் வெளியே இருந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: ஏரி உன் பாட்டன் சொத்தா? கேட்டது நியாயம். தகராறு நடந்தது, வழக்கு நடந்தது, பேச்சுவார்த்தை நடந்தது. பிற ஊர்களும் சில ஏற்பாடுகளோடு உள்ளே வந்தன. பாடு அழியவில்லை, பழைய இறுக்கத்தோடும் இல்லை. ஆண் தலைக்கட்டுக்குப் பங்கு என்ற விதியால், ஆண் துணை இல்லாத பெண் என்ன செய்வாள் என்ற கேள்வி மட்டும் அதிகம் கேட்கப்படாமலே கிடக்கிறது. முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பனையோலைக் கைவினையில் வருமானம் தேடிக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் மீன் விற்கும் பெண்ணின் தலைச்சுமைதான் விடை.

பாட்டு முறை தாங்கிக்கொள்ள முடியாத ஒன்றும் வந்திருக்கிறது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், 2001இல் தொடங்கிய துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அலையைத் தடுக்கும் நீண்ட கற்சுவர்கள் கடலுக்குள் போனால் இக்கரையில் மணல் நகரும் போக்கு மாறும். தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். ஏரியைக் கடலிலிருந்து காக்கும் மெல்லிய மணற்பட்டை இந்த வடக்கில்தான் இருக்கிறது. காட்டுப்பள்ளியை ஆறாயிரம் ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரிக்கும் பிறகு 2023 செப்டம்பருக்கும் தேதி குறிக்கப்பட்டு, எதிர்ப்பால் தள்ளிப்போனது. திட்ட ஆவணங்களில் இந்தக் கடற்பகுதியின் பெரும்பகுதி வெறும் மணலாகவும் நீராகவும் வரைந்து காட்டப்படுகிறது. வலைக் கம்புகள் நட்ட இடங்களை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்று மீனவர்கள் தாங்களே கற்றுக்கொண்டு, எந்த இடத்தில் எந்த மீன், எந்தப் பாடு என்று தனி வரைபடங்கள் போட்டுக் கூட்டங்களுக்குக் கொண்டுபோகத் தொடங்கியிருக்கிறார்கள்.

2022 ஏப்ரலில் ஏரியின் வடக்கே மறுபடியும் ஒரு கோடு மாறியது. நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டைப் பகுதி பிரிந்து, புதிய திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவும் இப்போது அதன் கணக்கில். தெற்கே 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஏரி ஒன்று, தாலுகா அலுவலகங்கள் பல. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணுபவர்கள் குப்பங்களுக்கு வரும்போது, படகில் இருக்கும் ஆண்களை எந்த ஊர்ப் பதிவில் எழுதுவது என்ற பழைய சிக்கல் மறுபடி எழும். பக்கத்தில் இருக்கும் இருளர் குடிசைகளைத் தேடிப் போவார்களா என்பது எண்ணுபவரின் பொறுமையைப் பொறுத்தது.

அடுத்த இதழில் மகிமை மாதா ஆலயம், பழவேற்காட்டுப் பள்ளிவாசல்கள், ஆதிநாராயணப் பெருமாள் கோயில். ஒரு கூப்பிடு தூரத்துக்குள் மூன்று மதங்களும் குடியேறிய கதை.

(தொடரும்)